செக்கர் நல்லாப் பேசினார்

நான் ஹவுன்ஸ்லோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். லண்டனில் என்னோடு படிக்கும் கவிதா சென்னைக்காரி. கோடை விடுமுறையில் இருவரும் மலிவான ரயில் பாஸ் எடுத்து ஐரோப்பாவைச் சுற்றினோம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான் கவிதாவிடம் இருந்தது; அதில் ஒரே தடவைதான் நுழையலாம். தவறி எல்லை தாண்டினால் திரும்ப முடியாது என்ற பதற்றம் எங்களை உட்காரவே விடவில்லை.

வியன்னாவில் கடைசிப் பெட்டியில் ஏறினோம். கழிப்பறைக்குப் போன இடத்தில் டிக்கெட் பரிசோதகர் என் பாஸைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் கையைக் காட்டி ஜெர்மனில் கத்தினார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. இருக்கைக்குத் திரும்பி, "செக்கர் நல்லாப் பேசிப்போட்டார்" என்றேன்.

ஜெர்மன் படித்த கவிதா, "அப்பாடா, நல்ல மனுஷன்!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நிலையத்தில் ரயில் குலுங்கி நின்றது. ரயிலை இங்கே பிரிக்கிறார்கள், பின்பெட்டிகள் ஷெங்கனுக்கு வெளியே போகின்றன என்று எதிரே இருந்த பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். பைகளை அள்ளிக்கொண்டு ஓடி முன்பெட்டியில் தொற்றினோம்.

மூச்சிரைக்கக் கவிதா கேட்டாள்: "நல்லாப் பேசினார்னு சொன்னியே?"

"ஓம், பேசினவர்தான். எப்பிடிக் கத்தினவர் தெரியுமே?"

"அடிப்பாவி, அதுக்குப் பேரு திட்டுறதுடி!"

எங்கள் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது, மற்றதெல்லாம் கதைப்பது. இப்போது திட்டுவதைத் திட்டுவது என்றே சொல்லிப் பழகுகிறேன். போன வாரம் வீட்டிலும் வாய் தவறி, "ஏனம்மா திட்டுறீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அதற்கும் பேச்சு வாங்கினேன்.