எச்சிலுக்குக் காவல் இருந்தவர்

என் தங்கை செந்தாமரையின் புருஷன் உடையப்பனைப் பற்றி மானகிரியில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். பிள்ளையார்பட்டி, ராமேசுவரம் என்று கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிப் போவார். வண்டியில் யாராவது வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். குடி கிடையாது, பெண்டாட்டி மேல் கை வைத்ததில்லை. இப்படிப்பட்டவர் என் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். வந்தவர் ஆளே மாறிப்போனார். தனித் தட்டு, தனித் தம்ளர். கடைக்குட்டி கீர்த்திக்கு அப்போது நாலு வயது. வேன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பாள். அதையும் நிறுத்திவிட்டார். பிள்ளை முகத்தைக் கொண்டுவந்தால் உள்ளங்கையால் தள்ளுவார். நெஞ்சில் சளி, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று காரணம் சொன்னார். கொஞ்ச நாளில் அவளும் ஓடி வருவதை விட்டுவிட்டாள்.

கண்டரமாணிக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது செந்தாமரை என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். "எங்கிட்ட வராம இல்ல மதினி, வாராரு. மூஞ்சிய மட்டும் அங்குட்டுத் திருப்பிக்கிறாரு. எனக்கு வாய் நாறுதோ என்னமோ." அதற்காக அவள் கிராம்பு மென்றுகொண்டு திரிந்தாள்.

போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று அறுவைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதாக வந்துவிட்டது. காரைக்குடியைத் தாண்டித் தனியாகப் பஸ் ஏறியறியாதவள் அவள். விஷயம் தெரிந்ததும் மாமியார் பொன்னழகு நடுவீட்டில் நிற்கவைத்துக் கேட்டார்: "எங்குட்டுப் போயி வாங்கிட்டு வந்த?" மாப்பிள்ளை வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அத்தனையும் அவருக்குக் கேட்டது. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாரே ஒழிய உள்ளே வரவில்லை.

புருஷனையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் பிள்ளைகளைச் செந்தாமரையோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, தனியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று நான் மாப்பிள்ளையோடு வேனில் போனேன். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார்.

"எனக்கு மதுரையில காட்டுனப்பவே தெரியும் மச்சான். வெளியூர்ல தங்குன எடத்துல புத்தி கெட்டுப்போச்சு."

"மாத்திரை சாப்புடுறீகளா?"

"சவாரி போற அன்னிக்குப் போடுவேன். வீட்டுல வச்சா தாமரை கேப்பா."

"ஆஸ்பத்திரியில ஆணுறை போடச் சொல்லலையா?"

"சொன்னாக. கீர்த்தி பொறந்ததோட அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிருச்சு. ஆபரேஷன் ஆன வீட்டுல ஒறையக் கொண்டாந்து வச்சா இது எதுக்குன்னு கேக்க மாட்டாளா? அதான் என் எச்சி அவ மேல படாமப் பாத்துக்கிட்டேன் மச்சான். பிள்ளைக மேலயும் படவிடல."

கன்னத்தில் அறையக் கையை ஓங்கிவிட்டேன். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். அப்படிக் கொடுத்தவரை எப்படி அடிப்பது? கையை இறக்கிக்கொண்டு, வண்டியை எடுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஆலோசகர் அகிலாண்டேஸ்வரி அம்மாள் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். பிள்ளைகள் இருவருக்கும் நோய் இல்லை என்பதை முதலில் சொன்னார். பிறகு மாப்பிள்ளை தனித் தட்டு, தனித் தம்ளர் கதையைச் சொல்ல, அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எச்சியில பரவுற நோய் இல்லைங்க. ஒரே தம்ளர்ல குடிச்சா வராது. முத்தம் குடுத்தா வராது. ரெண்டு பேர் வாயிலயும் ரத்தம் வடியிற புண்ணு இருந்தாத்தான் யோசிக்கணும், அதுவும் அபூர்வம். ஒங்க வீட்டம்மாவுக்கு உறவுலதான் வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா ஒறை போட்டிருந்தா அனேகமா வந்திருக்காது. தினமும் விடாம மாத்திரை போட்டு, ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே இருந்திருந்தா, உறவுல அவுகளுக்குப் பரவியே இருக்காது."

மாப்பிள்ளை கேட்டார்: "அப்ப பிள்ளைக்கு முத்தம் குடுத்திருக்கலாமா?"

"தாராளமாக் குடுத்திருக்கலாம்."

அந்த மனுஷர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வந்தது, வந்ததற்காக என் மேலேயே ஆத்திரமும் வந்தது. பெற்ற பிள்ளையைத் தொடவிடாமல் நாலு வருஷம் தவம் கிடந்தாரே, அதில் என் தங்கைக்கு எள்ளளவு நன்மை உண்டா?

இனிமேல் ஒரு நாளும் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் ரெண்டு பேரும் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் செந்தாமரை பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர்கள் காதில் விழாத தூரத்துக்கு வந்து நின்று கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணிருவேன்னு பயந்தீக?"

"கோவிச்சுக்கிட்டு ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவன்னு."

"போயிருப்பேன்" என்றாள் என் தங்கை. "அழுதுக்கிட்டே போயிருப்பேன். ஒங்கள விட்டுட்டு இருக்க முடியாம நாலு மாசத்துல திரும்பியும் வந்திருப்பேன். எனக்கு நோய் இருந்திருக்காது."