கை மட்டும் உள்ளே வரலாமாம்!

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, டவுணில் ஒரு மடத்து வாசலில், கொளுத்தும் வெயிலில், நான் முதலாளியாக நின்றுகொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே முதலாளிதான். எங்கள் பண்டகசாலைக் கம்பெனியில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள்... வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாயாடுகிறவள்... கம்பெனி முதலாளி!

விஷயம் தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. புதுச் சக்கரவர்த்திக்கு டில்லியில் முடிசூட்டின வருஷம், கல் கலந்த அரிசியும் கலப்பட எண்ணெயும் வாங்கி அலுத்துப்போனவர்கள் சேர்ந்து தொடங்கிய கடை இது. மேலே ஒரு பிரஸிடெண்ட். அவரோடு ஆறு டைரக்டர்கள். அவர்களுக்குக் கீழே மானேஜர், கிடங்குக்காரர், நிறுக்கிறவர், வண்டிக்காரர். சரி, இவர்கள் எல்லாருக்கும் மேலே யார்? நாங்கள்! பங்குதாரர்கள். விதிப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் கூட்டத்தில் அவருக்கு ஒரு கைதான் என்றும் சொல்கிறது. கம்பெனியின் நோக்கம் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது — கலப்படமில்லாத சரக்கு, சரியான நிறை, எல்லாருக்கும் ஒரே விதமாக விற்பது.

அப்படியானால் முதலாளி எதற்காகத் தெருவில் நிற்கிறாள்?

வருஷக் கூட்டம் அந்த மடத்தில் நடக்கிறது. பிரஸிடெண்ட் சங்கரலிங்கம் பிள்ளையின் குடும்பத்து மடம். கூடம் பெரிது. ஆனால் மடத்துக்கு ஓர் ஆசாரம் உண்டு. கிறிஸ்தவர்கள் உள்ளே வரக்கூடாது. துலுக்கர் வரக்கூடாது. சைவர்களிலும் இன்னின்னார்தான் வரலாம். ஆகவே முதலாளிகளில் பதினாலு பேர் உள்ளே ஜமக்காளத்தில். ஒன்பது பேர் தெருவில்.

போன வருஷமும் இதே கதைதான். உள்ளே தீர்மானம் வாசிப்பார்கள். நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று கை தூக்குவோம். காரியதரிசி தலையை நீட்டி எண்ணிக்கொண்டு போவார். எங்கள் மேல் வெயில் படக்கூடாதென்று ஓலைப்பந்தல் வேறு போட்டிருந்தார்கள். அதற்காக நான் முன்னால் வந்து நன்றிகூடச் சொன்னேன்! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எங்களைத் தெருவில் நிறுத்தியதில் எனக்கும் ஆச்சரியம் தோன்றவில்லை. எங்கள் கிறிஸ்தவக் கோயில்களிலேயே சாதிக்கொரு பாய் விரித்துப் பழகினவர்கள்தானே நாங்கள்?

இந்த வருஷம் பந்தல் இல்லை. அது கிடக்கட்டும். தீர்மானங்கள் அச்சடித்த நோட்டீஸைப் பிரித்தேன்.

என் பக்கத்தில் மாசானம் நின்றார். கம்பெனியின் வண்டிக்காரர். ரயிலடியிலிருந்து மூட்டைகளை ஏற்றி வந்து கிடங்கிலும் கடையிலும் அடுக்குகிறவர். தங்கள் குடியிருப்பில் ஏழெட்டு வீடுகள் சேர்ந்து, அவர் பெயரில் ஒரு பங்கு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பங்குப் பத்திரத்தை ஒரு மூங்கில் குழாயில் போட்டு, துணியால் வாய் கட்டி, கையிலேயே வைத்திருப்பார். படிக்கத் தெரியாது.

“நாலாவது என்ன போட்டிருக்கு டீச்சரம்மா? உள்ள இருக்கவுக அதைத்தான் பேசிக்கிடுதாக.”

வாசித்தேன். கடையை இப்போது பெரிதாகக் கட்டியிருக்கிறோம் அல்லவா? இதுவரை எல்லாரும் தெருவில் நின்று கேட்டு வாங்கினோம். இனிமேல் பட்டணத்து வழக்கம்போல உள்ளே நடந்து, சரக்கைப் பார்த்து வாங்கலாம். அங்கேதான் வந்தது வில்லங்கம். ‘உள்ளே வருவது வழக்கமில்லாதவர்களுக்குப் பின்பக்க ஜன்னல் வழியாகச் சரக்கு கொடுக்கப்படும்.’

“இன்னொருக்கா வாசிங்க” என்றார்.

வாசித்தேன். அவர் குழாயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எதிர்த்துக் கை தூக்குவோம், மாசானம்” என்றேன், வீராப்பாக.

“தூக்குனாலும் தோப்போம். அங்கன பதினாலு. இங்கன ஒம்போது.” அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “தூக்கவே வேண்டாம். இருவது பேரு இல்லாம கூட்டம் செல்லாதுன்னு போன வருசம் விதிப்புத்தகத்துலருந்து நீங்கதானே சத்தமா வாசிச்சீக?”

நான்தான் வாசித்தேன். வாசித்த எனக்கு உறைக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவருக்கு ஒரு வருஷமாக மறக்கவில்லை!

கூட்டம் தொடங்கியது. காரியதரிசி தலையை நீட்டினார். “வந்திருக்கவுக கை தூக்குங்க. எண்ணணும்.”

ஒரு கையும் எழவில்லை.

“என்னவே, காது கேக்கலியா?”

பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் பொறுமையாகத் தாடியைத் தடவினார். “இந்த வருசம் எங்களுக்குக் கையெல்லாம் வலிக்குது வே. தூக்க முடியல.”

சலசலப்பு. கடைசியில் பிரஸிடெண்டே வாசலுக்கு வந்துவிட்டார். சங்கரலிங்கம் பிள்ளை கெட்டவர் இல்லை. கடைக்கு வரும் அரிசியைத் தாமே கையில் அள்ளிப் பார்க்கிற மனிதர். ஆனால் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினார்.

“என்ன டீச்சரம்மா, படிச்சவுக நீங்களே இப்படிச் செய்யுதீகளே? கூட்டம் செல்லலேன்னா டைரக்டர்களைப் போட முடியாது. டைரக்டர் இல்லாம புதுக்கடையத் தொறக்க முடியாது.”

“அப்படியா? நாங்கள் தெருவில் நிற்பவர்கள்தானே? எங்களை எதற்கு எண்ண வேண்டும்?”

“தெருவுல நின்னா என்ன? நீங்களும் கூட்டத்துல இருக்கதாத்தான் அர்த்தம்.”

“அப்படியானால் தெருவும் கூட்டம் நடக்கிற இடம்தான். நீங்கள் இறங்கி வரலாமே?”

பிள்ளைவாளின் முகம் சிவந்தது. அதற்குள் மாசானம் ஓர் அடி முன்னால் வந்தார். குரலில் நடுக்கம் இருந்தது. மறைக்கவும் இல்லை.

“அய்யா, ஒரு சந்தேகம். மூட்டைய முதுகுல வச்சு நேரா கடைக்குள்ள கொண்டு அடுக்குதேன். அப்ப யாரும் எனக்கு ஜன்னலக் காட்டல. மறுநா அதே அரிசியில ரெண்டு படி வாங்க வந்தா, நான் ஜன்னலுக்குப் போவணுமா?”

“அது வேலைலா? இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாத லே.”

“நான் குழப்பல, அய்யா. கூலிக்காரனா உள்ள வரலாம். சொந்தக்காரனா வரக்கூடாதுங்கீக. எனக்கு நல்லா வெளங்குது.”

 உள்ளே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“கூட்டம் வேண்டாம்னு நாங்க சொல்லல” என்றார் மாசானம். “மடம் உங்களுது. நாங்க உள்ள வரல. கடை நம்ம எல்லாருக்கும் உள்ளதுலா? அங்கன போயி நடத்துவோம்.”

எவ்வளவு சாதாரணமான யோசனை! பங்குதாரர்கள் கூடுவதற்குப் பங்குதாரர்களின் கடை. இத்தனை வருஷமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! ஆனால் உங்களிடம் மறைப்பானேன்? எனக்குப் பயமாக இருந்தது. கூட்டம் இல்லாவிட்டால் தீர்மானமும் இல்லை. கூட்டம் கூடினாலோ, பதினாலுக்கு ஒன்பது. கையில் இருந்ததை இவர் பணயம் வைக்கிறாரே?

 பிரஸிடெண்ட் உள்ளே திரும்பிச் செருப்பை எடுத்துவரச் சொன்னார்.

மூன்று பேர் கோபித்துக்கொண்டு வில்வண்டி ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதி பதினோரு பேரும் நாங்கள் ஒன்பது பேரும் ரத வீதி வழியே நடந்தோம். சரியாக இருபது. அல்வாக் கடையில் நின்றவர்கள் ஏதோ ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள்.

கடை வாசலில் எல்லாரும் உள்ளே போனோம். மாசானம் மட்டும் படியில் நின்றுவிட்டார். தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குகிற படி. முதுகில் மூட்டை இல்லாமல் எப்படி ஏறுவது என்று அந்தக் கால்களுக்குத் தெரியவில்லை. 

“பைய வாங்க, அவசரமில்ல” என்றார் ராவுத்தர்.

ஏறி வந்தார். புது மரத்தின் வாசனையும் மிளகாய் நெடியும் கலந்து அடித்த அந்தக் கூடத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நாலாவது தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஆறு கை. எதிர்ப்பவர்கள்? எங்கள் ஒன்பது கையும் எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது, மடத்துக்குள் இருந்து வந்தவர்களில் நாலு பேரும் கை தூக்கியிருந்தார்கள். மாசானம் கை தூக்கியிருந்தது, தாம் அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவில். ஒரே இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ‘நீ ஜன்னலுக்குப் போ’ என்று சொல்வது லேசில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வாசலுக்கு உள்ளே ஒரு கூட்டம், வெளியே ஒரு கூட்டம் என்று வைத்திருந்தால்தான் அது சுலபமாக வரும். பிரஸிடெண்ட் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. “தீர்மானம் விழுந்துபோச்சு” என்று மட்டும் சொன்னார்.

இந்த வாரம் சிலர் எங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்களாம். இனிக் கம்பெனி பிழைக்காது என்கிறார்கள். போகட்டுமே! எல்லாருக்கும் ஒரே விதமாக விற்கிறோம் என்று அச்சடித்துவிட்டு, ஆளுக்கொரு வாசல் வைத்து நடத்துகிற கம்பெனி பிழைத்து யாருக்கு என்ன லாபம்? என் பங்கை விற்றுவிடும்படி ஒரு நண்பர் புத்தி சொன்னார். விற்கமாட்டேன். முடிந்தால் இன்னொன்றும் வாங்குவேன்.

நேற்று கடைக்குப் போயிருந்தேன். பின்பக்க ஜன்னல் திறந்தேதான் இருக்கிறது. நல்ல காற்று வருகிறது... காற்று மட்டும்!