அந்தோணியார் எட்டிப் பார்த்த வீடு

என் அப்பா குள்ளம். பங்காளிகளுக்குப் பங்கு போகாமல் எனக்கு முழுசாக வந்து சேர்ந்த சொத்து அது ஒன்றுதான். இன்றைக்கும் பஸ்ஸில் மேலே ஓடும் கம்பி என்னைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம். ஆனால் எங்கள் ஊர்ச் சப்பரத்தில் இடதுபக்கத் தண்டின் முன்முனை அப்பாவுடையது. அதற்கு முன்னால் அது அவருடைய அப்பாவுடையது. குள்ளமானவர் முன்னால் நின்று தூக்கினால் சப்பரம் அந்தப் பக்கம் சாயாதா என்று கேட்பீர்கள். சாயும். அதற்காகத்தான் அப்பா துண்டை மடிமடியாக மடித்துத் தோளில் ஒரு சும்மாடு வைத்துக்கொள்வார். தலையணை மாதிரி இருக்கும். அதன்மேல் தண்டு ஏறியதும் எல்லாப் புனிதர்களும் நேராக நின்றுவிடுவார்கள்.

பாகூர் கொம்யூனில், நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவில் எங்கள் ஊர். அதில் வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, ஒரே ஒரு தெரு. தெருக்கோடியில் ஓடு வேய்ந்த சின்னக் கோயில். பூசை வைக்கச் சாமியார் மாசத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் மணியடித்து ஜெபம் சொல்லுவார். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், ஆனால் காகிதத்தில் இன்னும் போகவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. போனவன் எப்படிப் போகாமல் இருப்பான் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வருஷம் அப்பாவும் கோயிலை விட்டு ஏறக்குறைய அதே தினுசில்தான் போனார்.

விஷயம் இதுதான். உயிர்த்த ஞாயிறு அன்று ஆண்டவருடைய சப்பரம் தெரு சுற்றி வந்து கோயில் வாசலில் இறங்கியது. அப்பா சும்மாட்டை உதறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அதே தண்டைத் தூக்கியவர் என் தாய்மாமன், அம்மாவுக்குத் தம்பி. வாய் சும்மா இருக்காது. சாமியார் நிற்கிறார் என்றும் பார்க்காமல் சொன்னார்:

"எங்க மச்சான் மட்டும் சும்மாட்ட எடுத்துட்டாருன்னு வைங்க, உயிர்த்த ஆண்டவரு திரும்பக் கல்லறைக்கே சாஞ்சிடுவாரு."

தெருவே சிரித்தது. சாமியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுவும் எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு கோயில் மணி அடித்ததும் வழக்கம்போல எழுந்தார். எழுந்தவர், எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பவரைப் போல நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

"சர்வேசுரன் எங்க இல்ல? நம்ம வூட்டுல இல்லியா? எனக்கும் அவருக்கும் நடுவுல மச்சான் எதுக்கு?"

அம்மா அடுப்பை ஊதப் போனாள். ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் தம்பி. அவள் பேசினால் எந்தப் பக்கம் பேசினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படி எங்கள் வீட்டில் ஒரு கோயில் தொடங்கியது. சுவரில் திருஇருதயப் படம், அதற்குக் கீழே அம்மா, நான், தங்கை. அப்பாதான் உபதேசியார். ஜெபமாலை சுமாராக ஓடியது. பாட்டில்தான் மாட்டிக்கொண்டோம். கோயிலில் முதல் அடியை உபதேசியார் எடுப்பார், பெண்கள் அதை வாங்கிப் போவார்கள், கடைசியில் ஆண்கள் வந்து தூக்கிக் கொடுப்பார்கள். இத்தனை வருஷமும் அப்பா தூக்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அதனால் அவருக்குக் கடைசி அடி மட்டும் தெரியும். அம்மாவுக்கு நடு அடி. முதல் அடி எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு பாட்டையும் நாங்கள் நேராக முடித்துவைத்தோம்.

பிரசங்கமும் உண்டு. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அன்பைப் பற்றி ஆரம்பித்து, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டாததைப் பற்றி முடிப்பார். பூசைக்கு உதவுகிற பையன் இல்லாத குறையைப் போக்க நான் எங்கள் காளையின் பழைய கழுத்துமணியை எடுத்து வந்து நடுவில் ஆட்டினேன். கொட்டகையில் படுத்திருந்த காளை, வண்டி பூட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டது. எங்கள் சபையில் மணிச்சத்தத்துக்கு ஒழுங்காக எழுந்தது அது ஒன்றுதான்.

அம்மா மட்டும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு ஜெபத்துக்கு முன்னால் தண்ணிக்குப் போனாள். வாரம் பூராவும் எங்கள் தெருக் கிணறுதான். ஞாயிறு அன்று கோயிலை ஒட்டிய கிணற்றுத் தண்ணியில்தான் பருப்பு வேகும் என்பாள். கோயிலில் ஜெபம் தொடங்கி முடிகிற வரை ஒரு குடம் நிரம்பாது. அப்பா எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் திரும்பி வந்ததும் பருப்பைப் பற்றிப் பேசுவதுபோல, "கூட்டமா?" என்று கேட்பார்.

ஒருநாள் உபதேசியார் வீடு தேடி வந்தார். அப்பா தயாராக இருந்தார்.

"சர்வேசுரன் எங்கும் இருக்கிறாருன்னு ஞானோபதேசத்துல நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவரு எங்கயும் இருக்காருப்பா. நீதான் ஒரு எடத்துலயும் இல்ல."

எனக்குத் தலை சுற்றியது. அப்பா என் கண்ணெதிரே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருக்கிறவரை இல்லை என்கிறார், கண்ணில் படாதவரை இருக்கிறார் என்கிறார். இவரிடம் ஞானோபதேசம் படித்துத்தான் நான் தேற வேண்டும்.

இதற்கிடையில் அம்மாவுடைய ஒரு காதுக் கம்மலின் திருகாணி தொலைந்துபோனது. வீட்டைப் பெருக்கினோம், அரிசியைப் புடைத்தோம், கிடைக்கவில்லை. கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் காதில் ஈர்க்குச்சி ஒன்றைச் செருகிக்கொண்டாள். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அந்தோணியார். அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். நேரில் போய் ஏற்ற முடியாத நேர்ச்சை என்று எனக்கே தெரிந்தது.

அந்தோணியார் திருநாளும் வந்தது. எங்கள் கோயில் அந்தோணியார் கோயில்தான், ஆகவே ஊருக்கே பெரிய திருநாள். விடிந்ததிலிருந்து அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய துண்டைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்துக் கட்டிலில் வைத்தாள். அப்பா அதைத் தொடவில்லை. பொழுது சாய்ந்து தெருமுனையில் மேளம் கேட்டதும், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"முட்டி போடுங்க. ஜெபமாலை."

மேளம் நெருங்க நெருங்க அப்பாவின் குரலும் ஏறியது. அருள் நிறைந்த மரியாயே என்று அவர் சொல்வது ஏதோ சண்டைக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது. சப்பரம் ஒவ்வொரு வேதக்காரர் வீட்டு முன்னும் நிற்கும். எங்கள் வீட்டு முன்னும் நின்றது. மேளமும் நின்றது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடு கோடாகப் போட்டது. அதற்கு மேல் என்னால் முட்டியில் நிற்க முடியவில்லை. நெல் மூட்டைமேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

அந்தோணியாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டில்லை. சப்பரத்தின் இடது முன்பக்கம் இறங்கி, பூமாலையோடு அவர் அப்படியே எங்கள் ஜன்னல் பக்கம் குனிந்திருந்தார். கையிலிருந்த குழந்தை சேசு இந்தா விழுந்தேன், இந்தா விழுந்தேன் என்று சரிந்திருந்தார்.

"அப்பா, அந்தோணியாரு நம்ம வூட்டுக்குள்ள எட்டிப் பாக்குறாரு."

"மந்திரத்துக்குப் பதில் சொல்லுடா."

தங்கையும் மூட்டைமேல் ஏறிவிட்டாள். "ஆமாம்பா. கொழந்த சேசு வுழப் போறாரு."

அப்பா ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார். அவருக்கும் மூட்டைமேல் ஏறினால்தான் ஜன்னல் எட்டும். ஏறினார். மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

வலது தண்டில் மூன்று பேர். இடது தண்டில் இரண்டே பேர். முன்முனை வெறும் மரமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து நின்ற மாமா முன்பாரத்தையும் சேர்த்துத் தாங்கி, கழுத்து ஒருபக்கம் கோணி, கண் பிதுங்க நின்றார். பின்னால் ஒரு கூட்டம் வாலிபர்கள், அப்பாவைவிட எல்லாரும் ஒரு முழம் உயரம், கையில் மெழுகுவர்த்தி. அவர்களில் ஒருவன் பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தான். இத்தனை சோம்பேறிகளா நம் ஊரில் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவனாவது ஓடிவந்து தோள் கொடுக்கக் கூடாதா? கோயிலிலிருந்து இவ்வளவு தூரமும் இப்படியேவா நொண்டிக்கொண்டு வந்தார்கள்?

அப்பா வெகுநேரம் அந்த வெறும் மரத்தையே பார்த்தார்.

"முட்டாப் பசங்க," என்றார். "தண்டுக் கட்டு அவுந்துடும்."

இறங்கினார். கட்டிலில் இருந்த துண்டை எடுத்தார். மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார். கதவைத் திறந்துகொண்டு போனார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

தெருவே அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தது. மாமாவால் எத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? கோணிய கழுத்தோடேயே கேட்டார்:

"மச்சான், சும்மாடு எடுத்துனு வந்தியா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒனக்கும் சேத்துதான் எடுத்துனு வந்தேன். ஒன் வாயில வக்க."

முதலில் சிரித்தது மாமாதான். சிரித்ததில் சப்பரம் இன்னும் கொஞ்சம் ஆடியது. அப்பா அவசரமாகத் தோளைக் கொடுத்தார். சிரிப்பு தெரு முழுக்க ஓடியபோது அவர் முகமும் தண்டுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தோணியார் நிமிர்ந்தார். குழந்தையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவரைப்போல நேரே பார்த்தார். மேளம் கிளம்பியது. உபதேசியார் பாட்டின் முதல் அடியை எடுத்தார். அம்மா மெழுகுவர்த்தியையும் தங்கையையும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

நான் போகவில்லை. என்னை அப்படியெல்லாம் ஏமாற்ற முடியாது. அந்தோணியார் வேலையில்லாமல் ஒரு வீட்டை எட்டிப் பார்ப்பாரா? திருகாணி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் நிமிர்ந்திருக்கிறார். சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு அவர் பார்த்த திசையில் தரையைத் தடவினேன். நெல் மூட்டையை நகர்த்தினேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். ஒரு செத்த பூரானும் அப்பா விட்டுப்போன ஜெபமாலையும்தான் கிடைத்தன.

சப்பரம் கோயில் சேர்ந்த பிறகு அம்மா வந்தாள். அப்பாவும் மாமாவும் இன்னும் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முகமெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றியதுபோல இருந்தது. நான் முறையிட்டேன்.

"அந்தோணியாரு ஏமாத்திட்டாரும்மா. எட்டிப் பாத்ததோட சரி. ஒண்ணும் தேடிக் குடுக்கல."

அம்மா என் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாள்.

"கெடைச்சிடுச்சிடா. போயி படு."

விளக்கைத் தூக்கி அவள் காதைப் பார்த்தேன். ஈர்க்குச்சி அப்படியேதான் இருந்தது. திருநாளும் அதுவுமாக, அதுவும் அந்தோணியார் விஷயத்தில், அம்மா கூசாமல் இப்படிப் பொய் சொல்கிறாளே, இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது அவளா நானா என்று தெரியாமல் எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.