முழங்கையைத் தாங்கிய கை

உங்கள் முன்னால் நின்று பேசும்படி என்னை உயிரோடு வைத்திருக்கிற ஆண்டவருக்கு முதல் நன்றி. என் பெயர் எஸ்தர். நம் ரங்கூன் அலோனில் துறைமுகத்துக்குப் போகிற சந்தில் வடை சுட்டு விற்கிறேன். பேசிப் பழக்கமில்லை, சண்டை போட்டுத்தான் பழக்கம். தப்பாக ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு என் கணவரிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. என் கஷ்டம் அவ்வளவுதான், ஒரே வரி.

அவர் பெயர் சாமுவேல். இதே அலோன் துறையில் மூட்டை தூக்கியவர். வேலை குறைந்துபோய், ஏஜெண்டு மூலமாக மலேசியாவுக்கு, பினாங்கில் கட்டட வேலைக்குப் போனார். போகும்போது நான் அழுதேன். அவர் சிரித்தார்.

"எதுக்கு அழுற எஸ்தரு? அங்க கடைக்குக் கடை தமிழ்தான். பாஷை தெரியாத ஊருக்கா போறேன்?"

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவார். ஒரு ஞாயிறு கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அவரோடு ஒரே அறையில் இருந்த யோவான் தம்பியைக் கேட்டேன். "அண்ணன வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க அக்கா. எங்கேன்னு யாரும் சொல்ல மாட்றாங்க" என்றான். ஏஜெண்டின் போன் அணைந்திருந்தது. பாஸ்போர்ட் முதலாளியிடம். இருக்கிறாரா, இல்லையா? அது தெரியாமல் நான் மாவு அரைத்தேன், வடை சுட்டேன், சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் என் நினைவுக்கு வந்தாள். என் கணவருடைய கொள்ளுத் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறி வந்தவர். இரண்டு வருஷம் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று ஊரில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தாராம். திரும்பவே இல்லை. இங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்த வழியில் வந்தவர்கள்தான் எங்கள் வீட்டார் எல்லோரும். என் மாமியார் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், நாங்களும் சிரிப்போம். கரையில் காத்திருந்தவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. போன வருஷம் நான் அவளாகிவிட்டேன்.

யோவான் தம்பி லீவு போட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தான். நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: "பர்மாக்காரர் யாராவது வந்திருக்காங்களான்னு கேளு. பாஸ்போர்ட்டு பர்மா பாஸ்போர்ட்டுதானே." எல்லா இடத்திலும் இல்லை என்றார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்த மாடிக்குக் கீழேயே நின்று கேட்டிருக்கிறான். அங்கேயும் இல்லை என்ற பதில்தான்.

ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. சாரம் சரிந்து விழுந்து தலையில் அடி. கொண்டுவந்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேச்சு போய்விட்டது. தமிழ் நர்ஸ் ஒருவர் "பேரு என்னண்ணே? ஊரு எது?" என்று கேட்டதற்கு, "அம்மா... தண்ணி" என்று மட்டும் வாய் குழறியிருக்கிறது. முகம் நம் முகம், வந்த சொல்லும் தமிழ். இந்தியாவிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து அந்தப் பக்கமே விசாரித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எந்தத் தமிழை நம்பிப் போனாரோ, அந்தத் தமிழே அவரை மறைத்துவிட்டது.

இது ஒன்றும் தெரியாமல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான் முழங்காலில் நின்றேன். கோபம்தான் வந்தது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, அவர் எங்கேன்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். என்னால போக முடியாது. அவரை இன்னாருன்னு கண்டுக்கிற ஒரு கண்ண அவர் பக்கத்துல நிறுத்தும்." என்னோடு நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள்.

பதில் ஜெபத்தின் நடுவே வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அது இல்லை. அடுத்த வாரம் வட்ட ரயிலேறி இன்சீன் சந்தைக்குப் போய், வெங்காயக்காரியோடு அழுகல் வெங்காயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. யோவான் தம்பி.

"அக்கா, அண்ணன் இருக்காரு! உசுரோட இருக்காரு!"

வெங்காய மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டிக்கொண்டிருந்த வெங்காயக்காரி ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இது. அந்த வார்டைக் கூட்டித் துடைக்கிறவர் மா சன் என்ற பர்மியப் பெண். ரங்கூனுக்குப் பக்கத்தில் நம் கியாக்தான்காரர். அவரும் பிழைக்கப் போனவர்தான். தாகத்தில் என் கணவர் உதடு வறண்டிருப்பதைப் பார்த்து ஒரு கோப்பையில் தண்ணீர் நீட்டியிருக்கிறார். இவர் வலது கையை நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி வாங்கியிருக்கிறார். பெரியவர்களிடம் எதை வாங்கினாலும் நாம் அப்படித்தானே வாங்குவோம்? இங்கே பிறந்தவர்களுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பாஸ்டர் ஒருவர் திருவிருந்தில் இவரைப் பார்த்துவிட்டு, "முழங்கையில அடியா தம்பி?" என்று கேட்டதும், நாம் எல்லோரும் சிரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

மா சன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாராம். "மவுங்லே, மியன்மாகலா?" என்று கேட்டாராம். தம்பி, மியான்மரா நீ? இவர் தலையை ஆட்டி ஆட்டி அழுதிருக்கிறார். அன்றைக்கே அந்த அம்மா படம் எடுத்து, பினாங்கில் உள்ள நம் ஊர்த் தொழிலாளிகளுக்கெல்லாம் போனில் அனுப்பியிருக்கிறார். அது யோவான் தம்பி கைக்கும் வந்தது.

நம் சபையிலேயே ஒருவர் என்னைக் கேட்டார்: "அந்தம்மா பயாவுக்குப் போய்ப் புத்தருக்குப் பூ வைக்கிறவங்க. அவங்களையா ஆண்டவர் அனுப்பினாரு?" நான் சொன்னேன்: "அந்த நேரத்துல நீங்க அங்க துடைப்பத்தோட நின்னிருந்தா உங்களையே அனுப்பியிருப்பாரு, ஐயா." அவர் இப்போது முதல் வரிசையில்தான் இருக்கிறார். கோபமில்லையே ஐயா?

மழைக்காலம் முடிவதற்குள் என் கணவர் வீடு வந்து சேர்ந்தார். பேச்சு பாதிதான் திரும்பியிருக்கிறது. மூட்டை இனித் தூக்க முடியாது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு களைகிறார். வந்த முதல் திருவிருந்தில் கோப்பைக்காகக் கையை நீட்டினார். இடது கை தானாகவே முழங்கைக்குப் போயிற்று. அன்றைக்கு நான் ஆராதனை முடியும்வரை நிமிரவில்லை.

மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் என்று நம் சந்தில் பாதி வீட்டு ஆட்கள் வெளியேதான் இருக்கிறார்கள். போன் வராத வீடு எது என்று எனக்குத் தெரியும், உங்கள் முகமே சொல்கிறது. வெட்கப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள். அவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், சேர்ந்து கேட்போம். நம்முடைய கண் எட்டாத வார்டிலும் ஆண்டவருக்கு ஆள் இருக்கிறது.

கடைசியாக எப்போதும் ஒரு பெண்ணை நினைத்து நன்றி சொல்கிறேன். ராமநாதபுரத்துக் கரையில் நின்றவளை. அவளுக்கு வராத செய்தி எனக்கு வந்தது.