அவர்கள் பங்குக் கடல்

கொல்கத்தாவில் எந்த வலிக்கும் பெயர் ஒன்றுதான்: கேஸ், அதாவது வாயு. தலை வலித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி பாலிகஞ்சில் குடியேறிய புதிதில் சிரித்தேன். இருபது வருடங்களில் எங்கள் வீட்டிலும் ஓமத் தண்ணீர் பாட்டில் நிரந்தரமாகிவிட்டது. இங்கேயே வளர்ந்த என் மகள் நந்தினி சரக்குக் கப்பலில் அதிகாரி. போன மாதம் நடுக்கடலிலிருந்து பேசினாள். "வயிறு வலிக்குதுப்பா. கேஸ்தான். ஓமத்தண்ணி குடிச்சிட்டேன்." பௌதி, அதாவது அண்ணி என்று நாங்கள் முறை வைத்து அழைக்கும் எதிர்வீட்டு அம்மாள், கையை வீசினாள். "ஓ கிச்சு நா, தாதா! கேஸ்!" ஒன்றுமில்லை அண்ணா என்று அவள் சொன்னதைக் கேட்டு நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கப்பல் கம்பெனி அழைத்தது. குடல்வால் வெடிக்கும் நிலை. கரைக்கு ஒன்றரை நாள். ரேடியோவில் கேள்வி கேட்டே நோயைக் கண்டுபிடித்த மருத்துவர் ஒரு நாடு. கப்பலின் கொடி இன்னொரு நாடு. பாதி வழி வந்து அவளைத் தூக்கிப்போன ஹெலிகாப்டரோ, நம்மோடு முகம் கொடுத்துப் பேசாத நாட்டினுடையது.

கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் என் மேசைக்கு மேல் ஒரு வரைபடம் உண்டு. நாடுகள் கூடி உலகக் கடலைப் பங்கு போட்டிருக்கின்றன, ஆளுவதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு. தன் பங்கில் தத்தளிப்பவர் யாரானாலும் அந்த நாடு பொறுப்பு. இதற்கென நாடுகள் அமைத்த அமைப்பின் சுற்றறிக்கைகளை, "வேலையத்தவங்க எழுதுறது" என்று கேலி பேசிக்கொண்டே கோப்பில் போட்டு வந்தவன் நான். நாடுகள் அன்பினால் கூடுவதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. எவர் பிள்ளையும் ஒருநாள் அடுத்தவர் தண்ணீரில் இருக்கும் என்ற பயம்தான். அந்தப் பயம் என் பிள்ளையைக் காப்பாற்றியது.

அன்று முழுவதும் பௌதி எங்கள் வீட்டைவிட்டு நகரவில்லை. "ஆமார் தோஷ், தாதா," என் தப்பு என்று அழுதாள். ஊரிலிருந்து அண்ணன் போனில் கத்தினான். "ஏலே, பிள்ளைய அங்க வளத்ததே தப்புல!"

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் மனைவியின் போனில் நந்தினியின் முகம் வந்தது. வெளுத்திருந்தாள். "அப்பா, ஃபார்ம்ல சொந்த ஊர் கேக்காங்க. என்ன போட?"

"கொல்கத்தா!" என்றாள் பௌதி, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

என் போனில் இருந்த அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது. "தூத்துக்குடின்னு போடச் சொல்லுலே!"

"சீக்கிரம்பா, நர்ஸ் நிக்காங்க."

நாடுகள் கடலைக்கூட மிச்சமில்லாமல் பிரித்துவிட்டன; என் பிள்ளை எந்த ஊரின் பங்கு? நான் இரண்டு போனையும் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தேன்.