டாங்கியோட மூடி

பினாங்கு பாலம் திறந்த வருஷம் அது. ஊரே கார் எடுத்துக்கிட்டு பாலம் பார்க்கப் போச்சு. நான் போகல, எனக்கு ஃபெர்ரிதான் புடிக்கும். என் மருமகனும் போகல. பாயான் பாரு ஃபேக்டரியில வேலை, லீவு நாள்னா பிளாஸ்டிக்ல ஜெர்மன் டாங்கி, அதான் சண்டை வண்டி பொம்மை செய்வாரு. ஒரு சாண் நீள வண்டி. அதுக்குத் துரு, சேறு எல்லாம் பெயிண்டுலயே வச்சாரு. உள்ளே ஒரு டிரைவர் பொம்மைய உட்கார வச்சு, ஆள் இறங்கற மேல் மூடிய கம் போட்டு ஒட்டிட்டாரு.

"மூடிட்டா யாரு மாப்பிள்ளே பார்ப்பா?"

"பார்க்க வேணாம் மாமா. ஆளில்லாம டாங்கி ஓடுமா லா?"

மறுநாள் மத்தியானம் நல்ல மழை, வீட்டுல நான் மட்டும். டாங்கி வச்சிருந்த கண்ணாடி அலமாரியில டக், டக்குன்னு சத்தம். டாங்கிய எடுத்துக் காதுல வச்சேன். உள்ளேருந்துதான் வருது.

ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எங்கப்பா இடிஞ்ச கடைக்குள்ள மாட்டிக்கிட்டாரு. இப்படித்தான் தட்டினாரு. நாங்க கல்ல அள்ளி முடிக்கறதுக்குள்ள சத்தம் நின்னு போச்சு.

மருமகன் வந்ததும், "மூடியத் திறங்க"ன்னேன்.

"பொம்மை கழண்டிருக்கும் மாமா," சிரிச்சாரு. நான் டாங்கிய அவரு கையில திணிச்சதும் கத்திய எடுத்தாரு. மூடி திறந்துச்சு. கத்தி முனையால பொம்மைய ஆட்டிப் பார்த்தாரு. அசையவே இல்ல, கம் கல்லு மாதிரி இறுகியிருக்கு. அவரு சிரிப்பு போயிடுச்சு. திரும்ப மூடல. சத்தமும் அப்புறம் வரல.

அது என்னன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஆனா மூடி திறந்தப்ப, அப்பாவ வெளிய இழுத்துப் போட்ட மாதிரி எனக்கு மூச்சு வந்துச்சு. இந்த மாதிரி டாங்கி செய்யறவங்க யாரையாவது தெரிஞ்சா சொல்லிடுங்க: உள்ளே ஆள் வச்சா, மூடியக் கொஞ்சம் திறந்தே விடட்டும்.