அரைக்கால் அங்குலம்

காரில் டிரெய்லரை மாட்டும் குமிழை வெர்னா ஹைக்கிலா முதலில் கண்ணால் பார்ப்பதில்லை. காரின் பின்னால் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, இரும்புக் குமிழின் உச்சியில் பெருவிரலை வைப்பாள். அங்கே அளவு பொறித்திருக்கும். அதைத் தடவி வாசித்த பிறகுதான் டிரெய்லரின் மூக்கிலுள்ள கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து இறக்குவாள். தாழ்ப்பாளைப் போட்டு, ஊசியைச் செருகி, மூக்கிலுள்ள ஜாக்கியைச் சுற்றி மறுபடி மேலே ஏற்றுவாள். அதோடு காரின் பின்புறமும் எழும்ப வேண்டும். எழும்பினால்தான் கிண்ணம் குமிழைப் பிடித்திருக்கிறது; இறக்கிவிட்டு இன்னொரு தடவை பார்ப்பாள். கடைசியில் சங்கிலிகள்: இடது சங்கிலியை வலப்பக்கம், வலது சங்கிலியை இடப்பக்கம், மூக்குக்கு அடியில் குறுக்காக. கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டிலில் விழுகிற மாதிரி விழ வேண்டும்.

"பல் டாக்டர்கூட இவ்வளவு குனிஞ்சு பார்க்க மாட்டார்" என்பார்கள் அவசரக்காரர்கள். அவள் ஊசியை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

ஆல்டர் பே என்ற ஊரில், ஏரிக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், டிரெய்லர் வாடகைக்கு விடும் இடத்தில் அவளுக்கு வேலை. பனி உருகியதிலிருந்து அடுத்த பனி விழும்வரை. முதலாளி லோவெல் அவளைவிடப் பத்து வயது சின்னவன். பெரிய பிக்கப் வைத்திருப்பவர்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் நடுத்தர எஸ்யூவிக்காரர்களிடம்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டி. வாரம் முழுக்க மளிகை சுமந்துவிட்டு, சனிக்கிழமை திடீரென்று தன்னை லாரி என்று நினைத்துக்கொள்ளும்.

"ஐயாயிரம் பவுண்டு இழுக்கும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான்" என்றார் ஒருவர்.

"இழுக்கும்னு போட்டிருக்கான். நிறுத்தும்னு போட்டிருக்கானா?" என்றாள் வெர்னா.

லோவெல் உள்ளேயிருந்து கத்தினான்: "அக்கா, வாடகைக்கு வந்தவரை ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிடாதீங்க!"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, ஜூலை மாதத்தில் ஒரு காலை. அவள் தம்பி ராய் தன் படகோடு ஏரிக்குக் கிளம்பினான். அவனுக்கு அவசரம், அவள் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "நீயே மாட்டிவிடேன்க்கா" என்றான். அவள் பெட்டியில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று இரண்டு அங்குலம், ராயின் டிரெய்லருக்கு வேண்டியது. இன்னொன்று ஒன்றே முக்காலே அரைக்கால். வித்தியாசம் அரைக்கால் அங்குலம். பெரிய கிண்ணத்துக்குள் சின்னக் குமிழ் தாராளமாகப் போகும். தாழ்ப்பாளும் விழும். பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஊரைத் தாண்டும்வரை ஒழுங்காகவே வரும். பெரிய குலுக்கல் ஒன்று வரவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு எதை எடுத்தாள்? ரொட்டி கருகிய வாசனை ஞாபகம் இருக்கிறது. சங்கிலி துருப்பிடித்து ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. எண் மட்டும் ஞாபகத்தில் இல்லை.

ஏழு மைல் தள்ளி, ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது டிரெய்லர் கழன்றது. ராய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ரோட்டின் நடுவே கிடந்த படகை இழுக்க ஓடினான். மரம் ஏற்றி வந்த லாரிக்கு அந்த வளைவில் எதுவும் தெரியவில்லை. அவனையும் வண்டியையும் சேர்த்து மோதிவிட்டுத்தான் நின்றது. 'இணைப்பு கழன்றது' என்று அறிக்கையில் இரண்டே சொல். மாட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போலீஸ்காரர் ஒருவர் பழைய போர்வையில் சுற்றிக் கம்பியால் முறுக்கிய மூட்டையை அவள் கையில் கொடுத்தார். கனத்தது.

"வண்டிக்குப் பின்னாடி இருந்தது. அவர் சம்சாரம் ஊர்ல இல்லை. நீங்களே வச்சுக்குங்க."

உள்ளே அந்தக் குமிழ்தான் என்று அவளுக்குப் பட்டது; கம்பியைப் பிரித்து எண்ணைப் பார்த்தால் போதும். அவள் பிரிக்கவில்லை. தன் கார் இருக்கைக்கு அடியில் தள்ளினாள். மூன்று கார் மாறினாள். மூட்டையும் கூடவே மாறியது. எந்தத் தண்டவாளத்தைக் கடந்தாலும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அவள் சில நிமிஷம் ரேடியோ போடமாட்டாள்.

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், மதியத்துக்கு முன்னால், சாம்பல் நிற எஸ்யூவி ஒன்று வந்து நின்றது. பின்னால் ராயின் படகு. நசுங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பச்சை வண்ணம் அடித்திருந்தது. டிரெய்லருக்குப் புதுச் சக்கரம், புதுச் சங்கிலி. இறங்கியவள் ராயின் மகள் டானா. அப்பா போனபோது அவளுக்கு ஆறு வயது.

"அத்தை, நானே மாட்டிட்டேன்! வீடியோ பார்த்து. சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, ஏரிக்குப் போறேன்."

"லோவெல் பார்ப்பான்."

"நல்லா இருக்கே! ஊர்ல இருக்கிறவன் வண்டிக்கெல்லாம் முட்டி போடுவீங்க, எனக்குன்னா லோவெலா?"

லோவெல் வாய் நிறைய இறைச்சிப் பணியாரத்தை வைத்துக்கொண்டு ஜன்னலில் கையை விரித்தான்.

வெர்னா முழங்காலை ஊன்றினாள். குமிழ் கிண்ணத்துக்குள் மறைந்திருந்தது, விரலுக்கு எட்டவில்லை. ஜாக்கியைச் சுற்றினாள். மூக்கு ஏறியது. கார் ஏறவில்லை. இன்னும் ஒரு சுற்று. பூட்டிய தாழ்ப்பாளோடேயே கிண்ணம் குமிழைவிட்டு மெல்லக் கழன்று மேலே வந்தது.

"தாழ்ப்பாள் விழுந்துச்சே அத்தை! நான் கேட்டேனே!"

"விழும்" என்றாள் வெர்னா. எழுந்திருக்கவில்லை. குமிழின் உச்சியில் பெருவிரல் இருந்தது. "ஒன்றே முக்காலே அரைக்கால். உங்க அப்பாவுக்கு நான்தான் மாட்டினேன், டானா."

நெடுஞ்சாலையில் இரண்டு வண்டிகள் போயின.

"இதே அளவா?"

"தெரியலை."

"தெரியலைன்னா?"

வெர்னா தன் காரிலிருந்து மூட்டையைக் கொண்டுவந்து எஸ்யூவியின் பின் பம்பர் மேல் வைத்தாள். "அந்தக் குமிழ் இதுக்குள்ள இருக்கு."

டானா கம்பி முறுக்கைத் தொட்டாள். அது ஒரு தடவைகூடத் திறக்காத முறுக்கு. "ஒரு நாள்கூடவா பார்க்கலை? ரெண்டு அங்குலம்னு இருந்தா உங்க மேல தப்பே இல்லையே?"

"அப்ப யார் மேல? சும்மாவே செத்தான்னு ஆயிடும்ல."

டானாவின் முகத்தில் என்ன வந்து போனது என்று வெர்னா பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. டானா மூட்டையை எடுத்து மறுபடி அவள் கையிலேயே வைத்தாள்.

"இன்னிக்கு வேணாம். சரியானதை மாட்டுங்க அத்தை. காத்து வர்றதுக்குள்ள தண்ணியில இறக்கணும். நீங்க பின்னாடியே வாங்க."

"நாற்பதுக்கு மேல போகாதே."

"உங்க கண்ணு பின்னாடி இருக்கிறப்ப போக முடியுமா?"

இரண்டு அங்குலம். விரல் இரண்டு தடவை வாசித்தது. கார் எழும்பியது. சங்கிலிகள் குறுக்காக விழுந்தன. ஏழு மைலும் வெர்னா அந்தப் படகையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். அதே தண்டவாளத்தில் பச்சைப் படகு துள்ளியது, அமர்ந்தது, கூடவே போனது. டானா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். பின்னால் வெர்னா கடந்தபோது, இருக்கைக்கு அடியில் 'டொக்.'

அதற்கு அடுத்த குளிர்காலத்தில், நெஞ்சுவலி வந்து, வெர்னா போனாள். காரை விற்பதற்காகத் துடைத்தபோது டானா அந்தக் கம்பியைப் பிரித்தாள். உள்ளே குமிழ் இல்லை. ராயின் வண்டிச் சாமான் இடத்தில் எப்போதும் கிடந்த, டயர் மாற்றும் ஜாக்கியும் அதன் கைப்பிடியும், பாதி தீர்ந்த புதினா மிட்டாய்ப் பொட்டலமும் இருந்தன. குமிழ், வண்டியிலேயே மாட்டியபடி, ராயின் அடக்கம் நடந்த அதே வாரம் பழைய இரும்புக் கடையில் நசுங்கிப் போயிருந்தது.